முப்பத்தொன்பது அங்கே, ஒன்று இங்கே

17

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட அதன்மேல் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர், கைப்பேசி எண் எல்லாம் எழுதிவிடுவார்கள். விளக்கு எரியும், வெளிச்சம்தான் வராது. இப்படிப்பட்ட ஊரில் நாற்பது புத்தம்புதுத் தார்ப்பாய்களைக் கொடுத்துவிட்டு ஒருவர் பெயர் சொல்லாமல் போய்விட்டால் யாராவது சும்மா இருப்பார்களா?

சலீம் பாயின் மகள் நாஸியா சும்மா இருப்பதாக இல்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரித் தார்ப்பாய் தைத்து விற்கிற கடை சலீம் பாயுடையது. வடகிழக்கில் மலைப்பக்கம் பூமி குலுங்கி இன்றோடு பன்னிரண்டு நாள். அங்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரைவர் அறிவழகன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். அது கைமாறிக் கைமாறி நாஸியாவின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

“சோறு வந்துருதுங்க. துணிமணியும் வருது. மேல மூடறதுக்குத்தானுங்க ஒண்ணுமில்ல. மழ வேற புடிச்சுக்கிச்சு. ஊடு நிக்கறவங்களும் பயந்துக்கிட்டு ஊட்டுக்குள்ள போகமாட்டேங்கறாங்க. கொழந்த குட்டியோட வெளியவே கெடக்கறாங்க. நம்மூர்ல இல்லாத தார்ப்பாய்ங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் நாஸியாவைப் பிடித்து உலுக்கியது. லாரி ஊரில் தார்ப்பாய்க்கா பஞ்சம்? அவள் அந்தக் குரலைத் திருப்பி ஊர் முழுக்க அனுப்பினாள். ஒரே வாரத்தில் லாரி முதலாளிகள் தங்கள் பழைய தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கடை வாசலில் குவித்துவிட்டார்கள். கிழிந்ததை எல்லாம் சலீம் பாயே உட்கார்ந்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்.

இன்று மாலை நான்கு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும், போகிற வழியில் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். லாரி தங்கமுத்துவுடையது. டிரைவர் மயில்சாமி.

அந்த மயில்சாமிதான் நேற்று ராத்திரி நாற்பது புதுத் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கியவர்.

“மயில்சாமிண்ணா, ஒரே ஒரு கேள்வி. குடுத்தது ஆம்பளையா, பொம்பளையா?”

“அம்முணி, நான் டிரைவருங்க. டயரப் பத்திக் கேளுங்க, டீசலப் பத்திக் கேளுங்க, சொல்றேன்.”

“சரி, வேண்டாம். வண்டி எங்கிருந்து வந்துச்சு?”

“ஆத்தூர்ல மரவள்ளிக் கெழங்கு எறக்கிப்போட்டு வாரப்ப…” மயில்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, என்ற வாயப் புடுங்கறீங்களே! பேரு, ஊரு ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேன்.”

“ஊரு சொல்லிட்டீங்களே.”

“அது பாதிச் சத்தியம். மீதியக் காப்பாத்த உடுங்க சாமி.”

ஆத்தூரா? நாஸியாவுக்கு ஆத்தூரில் ஒருவரையும் தெரியாது. அரிசி ஆலையும் ஜவ்வரிசி ஆலையும் இருக்கிற ஊர். அங்கே களத்தில் மாவு காயப் போட விரிப்பு வேண்டும், அதனால் தார்ப்பாய் தைக்கிற ஆளும் இருப்பார். ஆனால் அந்த ஆள் இவ்வளவு தூரத்தில் இருக்கிற இந்தக் கடையைத் தேடி ஏன் கொடுத்தனுப்ப வேண்டும்?

தங்கமுத்து தன் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏழு லாரிக்குச் சொந்தக்காரர். தன் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டிய ஒரு தகடு வைத்திருக்கிறார். அதைத் துணிமேல் வைத்துப் பெயிண்டை ஓர் இழுப்பு இழுத்தால் ‘எஸ். தங்கமுத்து, நாமக்கல்’ என்று அச்சடித்தாற்போல் விழும். இந்த நிவாரணத்துக்கென்று மேலே ‘உபயம்’ என்று ஒரு வரி சேர்த்துப் புதிதாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“பேரு போடாம குடுக்கறவன் ஒண்ணு மகானா இருக்கோணும், இல்லீனா போலீசுக்குப் பயந்தவனா இருக்கோணும் அம்முணி,” என்றார்.

உள்ளே தைத்துக்கொண்டிருந்த சலீம் பாய் தலையைத் தூக்காமலே சொன்னார். “வலது கை குடுக்கறது எடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கள்ல சொல்லுவாங்க தங்கமுத்து.”

“உங்களுக்குச் சரிங்க பாய். எங்கூட்டுல ரெண்டு கையவும் நம்பமாட்டாங்க. எழுதிக் காட்டுனாத்தான் நான் குடுத்தேன்னே ஒத்துக்குவாங்க.”

கடை முழுக்கச் சிரித்தது. சலீம் பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்து அந்தப் புதுத் தார்ப்பாய்க் கட்டில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

ஓரத்து மடிப்பைத் தடவினார். கயிறு கோக்கிற பித்தளை வளையங்களைப் பார்த்தார். பிறகு ஒரு வளையத்தில் கட்டை விரலை ஊன்றிக் கையை விரித்தார். சுண்டுவிரல் அடுத்த வளையத்தில் போய் அச்சாக உட்கார்ந்தது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மற்றக் கடைகளில் டேப் வைத்து, வளையத்துக்கு வளையம் ஓர் அடி விடுவார்கள். சலீம் பாயின் தகப்பனார் டேப் தொட்டதே இல்லை. ஒரு சாண்தான் அவருக்குக் கணக்கு. காற்றில் லாரி பறந்தாலும் ஓரம் எழும்பாது என்பார். இப்படித் தைக்கிற கை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இரண்டே இரண்டு. ஒன்று சலீமுடையது. இன்னொன்று அவர் தம்பி இம்தியாஸுடையது.

டீயோடு வந்த சலீம் பாயின் மனைவி ஷஹர்பானு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னங்க, வளையம் சரியா இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“எவ்வளவு தள்ளித் தள்ளி வெச்சிருக்குது?”

“டீ ஆறுது ஷஹர்பானு. குடுத்துட்டுப் போ.”

இம்தியாஸைப் பற்றி இந்தக் கதையில் பதினாறு வாரமாகப் பூடகமாகவே சொல்லிவந்தேன். இனியும் மூடி வைத்தால் நீங்களே என்னை அடிக்க வருவீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இம்தியாஸ் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அண்ணனிடம் வந்து சொன்னான். கௌசியா. தலாக் ஆனவள். கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. சலீம் பாய் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. நடு வாசலில் நாலு பேர் கேட்கக் கத்தினார். “அவளையும் அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்து என் நெழல்ல நிக்காதே!”

கடை மேற்குப் பார்த்தது. வாசலில் ஒரு படுதா தொங்கும். பகல் சாய்ந்தால் வெயிலை அதுதான் தடுக்கும். அந்தப் படுதாவைத் தைத்ததே இம்தியாஸ்தான். அவன் ஸ்டூலில் ஏறினான். நூல் அறுக்கிற கத்தியால் அதைக் குறுக்கே இரண்டாகக் கிழித்தான். “அப்ப நெழலே இல்லாம இருங்கண்ணே” என்றான். போனவன் போனவன்தான்.

“அவன் கை பட்ட ஒரு ஊசிகூட இந்தக் கடைக்குள்ள வரக்கூடாது” என்று சலீம் பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார். புதுப் படுதாவும் கட்டவில்லை. தார்ப்பாய்க் கடைக்காரர் வெயிலில் காய்கிறார் என்று ஊரே கேலி பேசியது. மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் இருக்கிற நாற்காலி, வெயில் உள்ளே வர வர நகர்ந்து நகர்ந்து, நான்கு மணிக்குப் பின்சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஆறு வருடமாக இதுதான் நடக்கிறது.

இப்போது அவன் கை பட்ட நாற்பது தார்ப்பாய் கடைக்குள்ளேயே கிடக்கிறது.

தூக்கி ரோட்டில் எறிவாரா? ஷஹர்பானு கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள். ஆனால் சலீம் பாய் பிரித்ததை மறுபடி மடித்தார். “ஏத்துங்க. அங்க மழையில கெடக்கறவங்களுக்குக் குடுத்தது. நமக்கில்ல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தையலுக்குப் போய்விட்டார்.

நாஸியாவுக்கு இதில் பாதி புரிந்தது. ‘நமக்கில்ல’ என்று அத்தா ஏன் சொன்னார்? நமக்கு என்று யார் சொன்னார்கள்?

ஒவ்வொரு கட்டாக ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல், நாற்பதில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. மற்ற முப்பத்தொன்பதும் லாரிக்கு ஆகிற பெரிய அளவு. இது மட்டும் சின்னது. பதினோரு அடி நீளம், ஏழடி அகலம். இதை வைத்து லாரியையும் மூட முடியாது, கூடாரமும் போட முடியாது.

தங்கமுத்து அதை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “தைச்சவனுக்குக் கடைசீல கண்ணு மங்கிப்போச்சாட்ட இருக்குது அம்முணி. இங்க பாரு, வளையம் எல்லாம் வரிசையா வந்து, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல மட்டும் ரெண்டு பங்கு எடம் உட்டுப்போட்டான்.”

நாஸியா குனிந்து பார்த்தாள். உண்மைதான். முப்பத்தொன்பதில் ஒரு தையல் பிசகவில்லை. நாற்பதாவதில் மட்டும் கை தவறுமா? அவள் விரலால் அந்த இடைவெளியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே வளையம் வைக்கக் குறித்து, மறந்து விட்ட சுவடுகூட இல்லை. வேண்டுமென்றே விட்ட இடம்.

ஏன்?

அவள் யோசித்துக்கொண்டே சாப்பிடப் போனாள். திரும்பி வருவதற்குள் தங்கமுத்து தன் வேலையைக் காட்டிவிட்டார். பெயர் இல்லாமல் ஒரு தார்ப்பாய் மல்லாந்து கிடப்பதை அந்த மனிதரால் எப்படித் தாங்க முடியும்? தகட்டை வைத்தார், பெயிண்டை இழுத்தார். பச்சைத் துணியின் நடுவில் வெள்ளை வெளேரென்று ‘உபயம்: எஸ். தங்கமுத்து, நாமக்கல்.’

“அண்ணா! இது உங்களுது இல்லியே!”

“யாருதும் இல்லியேன்னுதான் போட்டேன் அம்முணி. அநாதையாக் கெடந்துது.”

மணி மூன்றரை. எப்போதும் “நேரமாச்சு, நேரமாச்சு” என்று ஹாரனை அடித்து உயிரை எடுக்கிற மயில்சாமி இன்று கிளம்புகிற வழியாக இல்லை. டயரை உதைத்துப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். மூன்றாவது டீ கேட்டார். நடுநடுவே அந்தச் சின்னத் தார்ப்பாயைப் பார்ப்பார், பிறகு சலீம் பாயைப் பார்ப்பார்.

“மயில்சாமிண்ணா, என்னாச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லீங்க அம்முணி. வயசாகுதல்லோ.”

சலீம் பாயின் நாற்காலி பின்சுவரை நெருங்கியிருந்தது. அவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். “அந்தச் சின்னதையும் ஏத்தி உடு மயில்சாமி. எதுக்காவது ஆகும்.”

மயில்சாமி அசையவில்லை. “ஏத்தட்டுங்களா பாய்? நெசமாலுமே ஏத்தறதுங்களா?”

“ஏத்துன்னா ஏத்தேன். இதுல என்ன நெசம், பொய்?”

மயில்சாமி முகம் செத்துப்போய்விட்டது. மெல்லக் குனிந்து அதைச் சுருட்டத் தொடங்கினார்.

நாஸியா அந்த நேரம் வாசலில் கட்டியிருந்த ‘நிலநடுக்க நிவாரணப் பொருள் சேகரிப்பு’ பேனரை லாரிக்கு மாற்றுவதற்காக ஸ்டூலில் ஏறி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் வரிசையாகத் துருப்பிடித்த பழைய கொக்கிகள். முதல் கொக்கி. இரண்டாவது. மூன்றாவது. அதற்கப்புறம் கடைப் பெயர்ப்பலகையைத் தாங்குகிற இரும்புச் சட்டம் குறுக்கே வருகிறது. அங்கே கொக்கி அடிக்க இடமில்லை. அதனால் நாலாவது கொக்கி இரண்டு பங்கு தள்ளி இருந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

“மயில்சாமிண்ணா, சுருட்டாதீங்க! இங்க கொண்டாங்க!”

வாங்கி, நுனியைப் பிடித்து முதல் வளையத்தை முதல் கொக்கியில் மாட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது வளையம் சட்டத்தைத் தாண்டி, தேடிப் போய் உட்கார்ந்தாற்போல் நாலாவது கொக்கியில் விழுந்தது.

“அத்தா… இது லாரிக்குத் தைச்சதில்ல. நம்ம வாசலுக்குத் தைச்சது. இம்தியாஸ் சின்னத்தா தைச்சது!”

தங்கமுத்து கையிலிருந்த தகட்டைக் கீழே போட்டுவிட்டார். “ஐயோ, அதுல நான் எம்பேர அடிச்சுப்போட்டனே!”

சலீம் பாய் எழுந்து வந்தார். மகளைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தார்.

“எறக்கு நாஸியா.”

“அத்தா!”

“தர்மத்துக்குன்னு வந்த சாமான். அத எடுத்து நம்ம வாசல்ல கட்டுனா ஹராம். எறக்கி லாரியில போடு.”

நியாயமான பேச்சுத்தான். யாராலும் எதிர்த்துச் சொல்ல முடியாத பேச்சு. அதனால்தான் ஷஹர்பானுவுக்கு எரிச்சலாக வந்தது. நியாயத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வீம்பை ஒளித்து வைக்கிற மனுஷனை என்ன செய்வது?

அப்போது மயில்சாமி தொண்டையைச் செருமினார்.

“பாய், நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம். ஆனா எனக்கு எண்ணத் தெரியுமுங்க. ஏத்தி உட்டப்ப அவரு நாப்பதும் அங்கன்னு சொல்லலீங்க. முப்பத்தொம்பது அங்க, ஒண்ணு இங்கன்னுதான் சொன்னாரு.”

“இன்னும் என்ன சொன்னான்?”

“அது சொல்லக்கூடாதுங்க. நீங்க ஒண்ணு பண்ணுனாத்தான் சொல்லோணும்.”

“என்ன பண்ணுனா?”

“அதையும் சொல்லக்கூடாதுங்களே!” மயில்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

தங்கமுத்துவுக்கு நல்ல மனசு. பெயர் ஆசை பிடித்தவர்தானே தவிர, மற்றவர் படுகிற பாடு அவருக்கு உடனே தெரிந்துவிடும். முன்னால் வந்து நின்றார்.

“பாய், நான் ஒண்ணு சொல்றேன். இதுல யாரு பேரு இருக்குது? எம்பேரு. அப்ப இது என்ற உபயம். உங்களுக்கு நான் குடுக்கறேன். எங்கிட்ட வாங்கிக் கட்டறதுல உங்களுக்கு ஒரு கொறச்சலும் இல்லீங்கல்லோ? ஊருக்கும் அப்படியே சொல்லிப்போடலாம்.”

எவ்வளவு சுலபமான வழி! வாக்கும் தப்பாது, படுதாவும் தொங்கும். ஷஹர்பானு கணவனையே பார்த்தாள். அவர் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தாள். தலையாட்டினால் இந்த ஜென்மத்தில் அண்ணனும் தம்பியும் சேரப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

சலீம் பாய் படுதாவின் ஓரத்தைக் கையில் எடுத்தார். கட்டை விரலை ஊன்றிக் கையை விரித்தார்.

“இது உங்க உபயம் இல்லீங்க தங்கமுத்து,” என்றார். “எந்தம்பி தைச்சது.”

‘எந்தம்பி’ என்று அவர் சொல்லி ஆறு வருடம் ஆயிற்று. ஷஹர்பானு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று நாஸியாவுக்குத் தெரியவில்லை.

“எறங்கு நாஸியா. நான் கட்டறேன்.”

ஐம்பத்தாறு வயதில் அவரே ஸ்டூலில் ஏறினார். தங்கமுத்து கீழே இருந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “பேர உள்பக்கமாத் திருப்பிக் கட்டுங்க பாய். எனக்கே வெக்கமா இருக்குது.”

கட்டி முடித்ததும் கடைக்குள் இருந்த வெயில் படக்கென்று காணாமல் போனது. மயில்சாமி சட்டைப் பையில் இருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“இப்பச் சொல்லலாமுங்க. ‘எங்கண்ணன் லாரியில ஏத்தச் சொன்னா நீ பேசாம கொண்டுக்கிட்டு வந்துரு மயில்சாமி. வாசல்ல கட்டுனா இந்த நம்பரக் குடு’ன்னாரு. எழுதிக்கங்க பாய். ஒம்பது நாலு… எட்டு ஏழு… அப்பறம்… எழுத்து மங்கியிருக்குதே…”

“ரெண்டு ஆறு சைபர் மூணு ஒண்ணு அஞ்சு,” என்றாள் ஷஹர்பானு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சலீம் பாய் பேனாவும் கையுமாக மனைவியைப் பார்த்தார். அவள் காலி டீ டம்ளர்களை அவசரம் அவசரமாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“லாரிக்கு நேரமாச்சுங்க. மொதல்ல அதை அனுப்புங்க.”

நாலேகாலுக்கு லாரி கிளம்பியது. எண்ணிக்கை குறையக்கூடாது என்று சலீம் பாய் கடைச் சரக்கிலிருந்து பெரிய தார்ப்பாய்கள் இரண்டை எடுத்துத் தானே ஏற்றினார். தங்கமுத்து அவற்றில் பெயர் எதுவும் அடிக்கவில்லை. ஊர் சரித்திரத்தில் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

நாற்காலி மறுபடி வாசல் பக்கம் வந்தது. சலீம் பாய் உட்கார்ந்தார். மடியில் கைப்பேசி. எண்ணைப் போடுவார், அழிப்பார். போடுவார், அழிப்பார். நாஸியா நகத்தைக் கடித்தாள். ஷஹர்பானு கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். முழுசாக இருபது நிமிடம் போயிற்று.

கடைசியில் பொத்தானை அழுத்தி, காதில் வைக்கப் பயந்தாற்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பெரியத்தாங்களா?”

பக்கத்தில் நின்ற நாஸியா அத்தாவின் தோளைத் தொட்டாள்.

“வ அலைக்கும் ஸலாம்… ஆமா சாமி. நீ…?”

“நான் ஜுவைரியா. இன்னைக்கு இந்தப் போன் வந்தா நான்தான் எடுக்கணும்னு அத்தா சொல்லிட்டுப் போனாங்க. ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. நிழல் எங்க விழுதுன்னு. பழைய அளவு மனசுல வெச்சுத் தைச்சதாம். சரியா இருக்கான்னு தெரியணுமாம்.”

எந்தக் குழந்தையை நிழலில் நிற்காதே என்றாரோ, அதே குழந்தை கேட்கிறது. சலீம் பாய் குனிந்து பார்த்தார். மேசை, தையல் ஊசி, தன் மடி, கால், செருப்பு, எல்லாம் நிழலுக்குள் இருந்தன. கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கி வெள்ளைத் தாடிக்குள் போனது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

“எம்மேலதான் சாமி உழுது. சரியா எம்மேலதான் உழுது.”

“அப்ப சரி. சொல்லிடறேன்.”

“அத்தா எங்க சாமி? கூப்புடு, நான் பேசணும்.”

“அத்தா ரைஸ்மில்லுக்குப் போய்ட்டாங்க. மயில்சாமி மாமா லாரி அங்க அரிசி ஏத்த வருதுல்ல? அதுலயே மலைக்குப் போறாங்க. அங்க தார்ப்பாய் போய்ச் சேர்ந்தாலும் கூடாரமாத் தைக்க ஆள் இல்லையாம். ஒரு மாசம் ஆகுமாம். போனையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போய்ட்டாங்க.”

பேச்சு முடிந்ததும் சலீம் பாய் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தார்.

“நாஸியா, ஸ்கூட்டிய எடு. ராசிபுரம் வழியா ஆத்தூருக்குப் போறோம்.”

“மயில்சாமிண்ணாவுக்குப் போன் போட்டு நிக்கச் சொல்லட்டுமா அத்தா?”

“வேண்டாம். நான் வாரேன்னு தெரிஞ்சா அவன் எறங்கிப் போயிருவான். அவனும் எங்க அத்தா பெத்தவன்தானே, வீம்புக்குக் கொறச்சலா?” என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். “அரிசி ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம்,” என்றாள் ஷஹர்பானு. “நேத்தே கேட்டு வெச்சுட்டேன்.”

“உங்கிட்ட நெறயக் கேக்க வேண்டியது இருக்குது.”

“வந்து கேளுங்க.”

அவர் தையல் பையை எடுத்தார். பெரிய ஊசிகள், உள்ளங்கைக்குப் போடுகிற தோல், மெழுகு நூல் உருண்டை. தம்பிக்குக் கொடுக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நாஸியா வண்டியைக் கிளப்பப் போனாள்.

ஷஹர்பானு மட்டும் பையை எட்டிப் பார்த்தாள். அடியில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, அவருடைய ரத்த அழுத்த மாத்திரை ஓர் அட்டை. பத்து நாளைக்குத்தான் வரும்.

உள்ளே போய் இன்னும் இரண்டு அட்டை எடுத்துவந்து, அவர் பார்க்காதபோது பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.